பேபி நோனாவின் போத்தல்

தெனியாய
பெப்ரவரி 9

மகள் இரேஷாவுக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உனக்கு உண்டாகட்டும். இங்கே சுகம். உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று எழுது.

இப்போது நடக்கிற ஒவ்வொன்றையும் நான் முன்னமே சொல்லியிருந்தேன். நீ தொட்டிலில் கிடந்தபோதே உன் அம்மாவிடம், "தங்கச்சி, இவள் டாக்டராகி முதல் மருந்து என்ட வீட்டுக்குத்தான் தருவாள்" என்றேன். அவள் சிரித்தாள். இன்று என் மனைவி, உன் நெந்தா பேபி நோனாவின் மார்பில் கட்டி, நீ கொழும்பிலே புற்றுநோய்க்காரர்களின் இதயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவனுக்கு, டிக்கெட் எடுக்காதவன் எந்த இருக்கையில் இருக்கிறான் என்று ஏறும்போதே தெரியும்.

ஆகையால் ஒளிக்காமல் கேட்கிறேன். கட்டி இருப்பது மார்பில். அதற்குச் சிவப்பு மருந்து ஏற்றினார்கள், சரி. குளிர்ந்த பசையைத் தடவி இதயத்தை எதற்குப் படம் பிடித்தார்கள்? பிறகு உன் தாதி தில்ருக்ஷி மாத்திரை நிறைந்த ஒரு குளிசைப் போத்தலை நீட்டினாள்.

"இதுக்குள்ள என்ன பிள்ளை இருக்கு?"

"எனக்குத் தெரியாது அங்கிள்."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மா. யாருக்கு எதுங்கிற பட்டியலைப் பூட்டி வச்சிருக்காங்க."

"விக்கிறவனுக்கும் தெரியாது, வாங்கிறவனுக்கும் தெரியாது. நல்ல கடைதான்," என்றேன். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

உன் நெந்தாவுக்கு மாப் போத்தல் வந்திருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடு. இரத்த உறவு எதற்கு இருக்கிறது?

அன்பு மாமா,
எட்வின்

கொழும்பு
பெப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மா நடக்கிறார்.

அந்தச் சிவப்பு மருந்து கட்டியை அழிக்கும். ஆனால் சிலருக்கு இதயத்தின் பலத்தையும் குறைத்துவிடும். கட்டியிலிருந்து பிழைத்தவர்கள் இதயத்தால் விழுவதைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினோம். ஒரு குளிசையால் இதயத்தைக் காக்க முடியுமா என்று பார்க்கிறோம். யாருக்கு எது என்று எனக்குத் தெரிந்தால் என் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் பூட்டு. நெந்தாவைச் சேர்த்தது வேறொரு டாக்டர். நான் மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன்.

சிவப்பு மருந்து ஆறு தடவை. அது முழுதாக முடிய வேண்டும், அதுதான் முக்கியம். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே எழுதுங்கள். நெந்தாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் உங்கள் மருமகள் என்பதை, ஊசிக்கு வரும்போது தங்கும் விடுதியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இரேஷா

கொழும்பு, ஆஸ்பத்திரி விடுதி
மார்ச் 14

மகளுக்கு,

மும்மணிகளின் காவல். இரண்டாவது ஊசிக்கு வந்து இந்த விடுதியில் இருக்கிறோம். நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. காவலாளியிடம் சொன்னேன், அவன் கதவைச் சீக்கிரம் திறக்க வேண்டுமே. கன்டீன்காரியிடமும் பக்கத்து அறைகளிலும் சொன்னேன். அவ்வளவுதான்.

மரியாதை எப்படி மாறியது தெரியுமா. குளிக்கும் இடத்தில் வழி விடுகிறார்கள். ஆனால் எல்லாக் கண்ணும் உன் நெந்தாவின் போத்தல் மேல். "டாக்டரம்மாவின் நெந்தாவுக்கு மாக் கொடுப்பாங்களா?" என்று எனக்குக் கேட்கவே பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு மார்பு நிமிர்கிறது. நெந்தா மட்டும் போத்தலைச் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

என் சந்தேகம் வேறு இடத்தில். பக்கத்துக் கட்டிலில் பொலனறுவையிலிருந்து வந்த சுரங்கி என்ற சின்னப் பெண். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. அவள் புருஷன் உக்குபண்டா ஒவ்வொரு தடவையும் தேன் போத்தல் கொண்டுவந்து தில்ருக்ஷியிடம் கொடுக்கிறான். தேன் சும்மா வருமா?

உண்மை அறிய இரண்டு போத்தலிலும் ஒவ்வொரு குளிசையை நக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே கசப்பு. உன் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

நெந்தா நல்ல சுகம். காலையில் எழும்பும்போது தலை சுற்றுகிறதாம். தேத்தண்ணீரில் சீனி போதாது என்றேன்.

எட்வின் மாமா

கொழும்பு
ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பலகாரம் வந்தது, அம்மா கொக்கிஸை எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

தயவுசெய்து இனி எதையும் நக்க வேண்டாம்.

இதை நான் உங்களுக்கு எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் விடுதியில் தங்குகிறவர்களின் நாடித் துடிப்பு விசித்திரமாக இருக்கிறது. மார்ச் போயா, அந்தப் பௌர்ணமி நாள் வரைக்கும் சிலருக்கு மெதுவாகவும் சிலருக்கு வேகமாகவும் இருந்தது. அந்த மருந்து துடிப்பைக் கொஞ்சம் குறைக்கும், ஆகவே அது இயல்பு. போயாவுக்குப் பிறகு எல்லோருக்கும் நடுவாந்திரமாக வருகிறது. மற்ற விடுதிகளில் இப்படி இல்லை. யாரோ போத்தல்களில் கை வைத்திருக்கிறார்கள்.

போத்தல்கள் தில்ருக்ஷியின் கையால்தான் போகின்றன. நாலு வருடமாக என்னோடு வேலை செய்கிறவள். நினைக்கவே கசக்கிறது. நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா?

நெந்தா ஏன் எழுதவில்லை?

இரேஷா

கொழும்பு, ஆஸ்பத்திரி விடுதி
மே 6

மகளுக்கு,

மும்மணிகளின் காவல். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். டிப்போவில் பரிசோதகர்களே என்னிடம் வந்துதான் யோசனை கேட்பார்கள்.

தில்ருக்ஷியைக் கவனித்துவிட்டேன். அவளிடம் பெரிய பை இருக்கிறது. உள்ளே என்ன என்று கேட்டேன். "சோத்துப் பார்சல் அங்கிள், வேணுமா?" என்றாள். அதிகமாகச் சிரித்தாள். பெப்ரவரியில் சிரிக்காதவள் மே மாதம் ஏன் சிரிக்கிறாள்?

விடுதியில் மார்ச் போயாவுக்கு நோயாளிகளைக் காக்க ஒரு பிரித் ஓதல் வைத்தோம். ஏற்பாடு முழுக்க நான். விகாரையிலிருந்து பெரிய ஹாமுதுரு, தலைமைப் பிக்கு, வந்தார், புதுப் பானையில் நீர் வைத்து எல்லோருக்கும் நூல் கட்டினார். இப்படி ஒரு பிரித் கொழும்பில் யாரும் கண்டதில்லை என்று அவரே சொன்னார். வேறு விசேஷம் எதுவும் அன்று நடக்கவில்லை.

நெந்தா உனக்குச் சொல்லச் சொன்னாள்: "அந்தத் தாதிப் பிள்ளையை ஒண்டும் சொல்ல வேண்டாம், அது பாவம்." நல்ல மனசுக்காரி, உலகம் தெரியாது.

எட்வின் மாமா

கொழும்பு
ஜூன் 11

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

தில்ருக்ஷியை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதைவிடப் பெரிய செய்தி. நெந்தாவின் இதயப் பலம் இறங்கியிருக்கிறது. ஆபத்து என்று சொல்லும் அளவு இல்லை, ஆனால் இறங்கியிருக்கிறது. மேலிடத்தில் நெந்தாவின் பூட்டை மட்டும் திறந்து பார்த்தார்கள். அவருடைய போத்தலில் இருந்தது உண்மையான மருந்து.

காக்கும் மருந்தை முழுதாகச் சாப்பிட்டும் இதயம் இறங்குகிறதென்றால் மிச்சமிருக்கும் சிவப்பு ஊசிகளைக் கொடுக்க முடியாது. கட்டிக்கான வைத்தியம் பாதியில் நிற்கும். இம்மாதக் கடைசியில் கூடி முடிவெடுக்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் போத்தலில் இருந்த குளிசைகளைத்தான் நெந்தா சாப்பிட்டாரா?

இரேஷா

தெனியாய
ஜூன் 16

மகளுக்கு,

மும்மணிகளின் காவல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது. என் கொழுந்தைப் பார்த்துத் தொழிற்சாலைக்காரன், "எட்வின் அய்யே, இதை ராஜாவுக்குத்தான் அனுப்ப வேணும்" என்றான். அட்டைகளும் அதிகம்.

கொடுத்த குளிசை எல்லாவற்றையும் நெந்தா விழுங்கினாள். ஒரு வேளையும் தவறவில்லை.

உன் அறிவுக்காக ஒரு கேள்வி. இது நெந்தாவைப் பற்றியது அல்ல. வேறு யாரோ ஒருவர், அவருடைய போத்தலில் நல்ல மருந்து இருந்து, ஆனால் அவர் வயிற்றுக்குப் போனது பாதி மருந்தும் பாதி மாவுமாக இருந்தால், அவரைப் பற்றி என்ன முடிவெடுப்பார்கள்? அப்படிப்பட்டவரை உன் ஆராய்ச்சியிலிருந்து துரத்திவிடுவார்களா? ஊசியையும் நிறுத்திவிடுவார்களா? போலீசுக்குப் போகுமா?

பொதுவாகத்தான் கேட்கிறேன்.

எட்வின் மாமா

கொழும்பு
ஜூன் 20

மாமா,

அந்த வேறு யாரோ ஒருவருக்கு: போலீசுக்குப் போகாது. ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம், வைத்தியத்திலிருந்து யாரும் துரத்த மாட்டார்கள். பாதிதான் உள்ளே போனதென்றால் அவருக்கு இன்னும் வழி உண்டு. சில வாரம் ஊசியை ஒத்திவைத்து, உண்மையான மருந்தை, இன்னதென்று சொல்லியே, முழுதாகக் கொடுத்து, மறுபடி இதயத்தைப் படம் பிடித்து, தேறினால் மிச்ச ஊசிகளைத் தொடரலாம். முழுதாகச் சாப்பிட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தால் அந்த வழி மூடிவிடும்.

வியாழக்கிழமை கூட்டம். பதிலைக் கடுகதித் தபாலில் போடுங்கள்.

இரேஷா

தெனியாய
ஜூன் 22

மகளுக்கு,

மும்மணிகளின் காவல் இன்று எனக்குத்தான் வேண்டும்.

எல்லாம் என் திட்டம். நான்தான் செய்தேன். ஆளுக்கு ஆள், "என்ட போத்தல்ல மா, உன்ட போத்தல்ல மருந்து" என்று விடுதியே முறைத்துக்கொண்டிருந்தது. ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் தனித்தனியாகச் சமைக்கத் தொடங்கினார்கள். சுரங்கிக்கு இதயம் படபடவென்று அடிக்கிறதென்று உக்குபண்டா என்னிடமே வந்து, "எட்வின் அய்யே, உங்கட மருமகளிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று நின்றான். பிள்ளை அவன் தோளில் தூங்கியது.

போயா அன்று ஹாமுதுரு பிரித் ஓத வந்தார். எல்லோரும் தங்கள் போத்தலைப் பிரித் நூலுக்குள் வைத்தோம். அவர் ஓதிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நான் எழுந்து நின்று, டிப்போக் கூட்டத்தில் பேசுவது போலப் பேசினேன். "தானத்துக்கு வந்த சோத்தை ஒரே சட்டியில போட்டுத்தானே எல்லாருக்கும் பரிமாறுறம்? இதையும் அப்படிச் செய்வம்" என்றேன். அழுதவர்கள் பலர். ஆசீர்வதித்த நீரை எல்லோரும் குடித்து முடித்த பிறகு, பானையைத் துடைத்துக் காயவைத்து, அதற்குள் எல்லாப் போத்தலையும் கவிழ்த்தேன். ஒரே நிறம், ஒரே அளவு. கையால் கலக்கி, கரண்டியால் திரும்பப் போத்தல்களில் நிரப்பினேன். புதுப் போத்தல் வரும்போதெல்லாம் அப்படியே செய்தோம்.

தில்ருக்ஷி பையில் சோற்றுப் பார்சல்தான். ஒரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், சம்பல் நன்றாக இருந்தது.

நெந்தாவின் ஊசியை நிறுத்தவிடாதே. திட்ட வேண்டியதெல்லாம் என்னைத் திட்டு.

எட்வின்

கொழும்பு
ஜூலை 18

மாமாவுக்கு,

நெந்தாவின் சுகம் எப்படி? புதுக் குளிசையை, இந்த முறை பெயர் எழுதிய போத்தலிலிருந்து, சாப்பிடுகிறாரா?

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் வாசித்தேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "பானையா?" என்றார். நெந்தாவுக்கு நான் சொன்ன வழியை ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் விடுதிக்காரர் அனைவரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். அவர்களுக்கும் இதயம் பார்த்து, தேவையானவர்களுக்கு மருந்து தொடங்கியாயிற்று. சுரங்கிக்கும். ஒரு வருட உழைப்பில் ஒரு பெரிய துண்டு போயிற்று. கோபம் இன்னும் தீரவில்லை மாமா, தீர்ந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

தில்ருக்ஷி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "டாக்டர் என்னிட்டயே கேட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள்.

அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறோம்: "ஒரு நோயாளியின் உறவினர் விடுதியிலிருந்த குளிசைகளை ஒன்றாகக் கலந்துவிட்டார்." பெயர் போடுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. சுரங்கியின் போத்தலில்தான் மருந்து என்று சந்தேகப்பட்டவர் நீங்கள். உங்களை எனக்குத் தெரியும். நீங்களாக இருந்தால் அவள் போத்தலை நெந்தாவின் போத்தலோடு மாற்றியிருப்பீர்கள். ஊருக்கெல்லாம் பங்கு வைத்திருக்க மாட்டீர்கள்.

இரேஷா

தெனியாய
அக்டோபர் 3

மகளுக்கு,

மும்மணிகளின் காவல் உனக்கும், உன் அம்மாவின் முழங்காலுக்கும், தில்ருக்ஷிக்கும் உண்டாகட்டும்.

கடைசிச் சிவப்பு ஊசி முடிந்து இரண்டாம் நாள் ஊருக்கு வந்தோம். இதயப் படம் பார்த்த டாக்டர் தேறியிருக்கிறது என்று சொன்னபோது நெந்தா என்னைப் பார்க்கவில்லை, பசை துடைத்த கடதாசியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி இல்லாத தலையில் என் டிப்போத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முற்றத்துக் கோழிகளை இப்போது விரட்டுகிறாள். இதையும் நான் முன்னமே சொல்லியிருந்தேன்.

உன் அறிக்கையைப் பற்றி டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். "ஒரு நோயாளியின் உறவினர்" யார் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய டிரைவர் ஒருவன், "எட்வின், உன்னைப் பத்திப் புத்தகத்திலயே போட்டிருக்காங்களா?" என்று தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். இரண்டு மாதமாக அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

ஆனால் உனக்கு இடித்த இடம் எனக்கும் இடிக்கிறது. நேற்று நெந்தாவிடம் சொன்னேன், சத்தியத்திலிருந்து என்னை விடு என்று. "எழுதுங்க, இனி என்ன" என்றாள்.

நான் எழுதியதில் பானை உண்மை, பிரித் உண்மை, தானச் சோற்றுப் பேச்சும் உண்மை. அதைப் பேசியது நான் அல்ல. நான் அப்போது வெளியே காவலாளியிடம் உன் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது உன் நெந்தா தரையில் உட்கார்ந்து, தன் போத்தலைத்தான் முதலில் பானைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலை பார்க்கிறாய் பேபி?" என்று பதறினேன்.

"இஞ்சாருங்க, கத்தாதீங்க. மருந்து என்ட போத்தல்லதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கே தெரியாது."

"எழும்பினா எனக்குத் தலை சுத்துது, கை குளிருது. அந்தப் பிள்ளைக்குச் சுத்தவுமில்ல, குளிரவுமில்ல. அவளுக்கு நெஞ்சு அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. மடியில குழந்தை வேற."

"அதுக்கு உன்ட மருந்தைக் குடுக்கிறதா?"

"மருமகள் டாக்டர்னு ஊர் முழுக்கச் சொன்னது யாரு? நீங்கதானே. இண்டைக்கு வரைக்கும் நான் ஒரு குளிசையையும் அவங்கட முகத்தைப் பார்த்து விழுங்கினதில்ல. இனிமேல் பார்த்து விழுங்கலாம்."

பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினாள். உனக்குத் தெரிந்தால் நீ மனம் உடைவாய், உன் பெயர் கெடும் என்று பயந்தாள். உனக்கு இரண்டு வரி எழுத மறுத்ததும் அதனால்தான். எழுதினால் பொய் எழுத வராது அவளுக்கு. பொய் எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் அறிக்கையைத் திருத்து. "உறவினர்" என்பதை வெட்டிவிட்டு "ஒரு நோயாளி" என்று போடு. தலை சுற்றலை வைத்து எந்தப் போத்தலில் மருந்து என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதையும் சேர். உங்கள் பூட்டில் ஓட்டை இருக்கிறது, அடுத்த தடவைக்கு உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டிப்போவில் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பானையை வாங்கியது மட்டும் நான்தான். அதை எங்காவது ஒரு மூலையில் போட இடமிருந்தால் போடு.

அன்பு மாமா,
எட்வின்